எட்டு நிமிடம் பாக்கி

கிளீட்டஸுக்கு நாற்பத்தாறு வயது. கப்பல் வேலையை விட்டுக் கரைக்கு வந்தபின் கால்பந்து நடுவராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவருக்குக் கற்றுக்கொடுத்த ரெஜினாள் டீச்சர் அவரைவிட எட்டு வயது இளையவர்.

கிளீட்டஸ் கேள்வி கேட்டே கற்றவர். பந்து நடுவர் மேல் பட்டால் என்ன? கோல் கம்பம் முறிந்தால் என்ன? ஆட்டத்தின் நடுவே நாய் புகுந்து பந்தைத் தள்ளிவிட்டால்? எல்லாவற்றுக்கும் டீச்சரிடம் உடனே பதில் இருந்தது.

ஐப்பசியில், கடலோர ஊர் ஒன்றில் மாதா கோயில் திருவிழாக் கோப்பைக்கான இறுதி ஆட்டம். கிளீட்டஸ் நடுவராக இறங்கிய முதல் பெரிய ஆட்டம் அது. டீச்சர் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு அணிக்கும் ஆளுக்கொரு கோல். எட்டு நிமிடம் பாக்கி. மைதானத்தில் நல்ல மாலை வெயில். வடக்கே மலைப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது. அங்கே ஒரு மின்னல் வெட்டியது.

கிளீட்டஸ் ஓடிக்கொண்டே மனதுக்குள் நொடிகளை எண்ணினார். பதினெட்டில் இடி கேட்டது. முப்பதுக்குள் கேட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்பது டீச்சரின் பாடம்.

அந்த நேரம் பார்த்து ஓர் அணியின் சகாய ராபின் பந்தோடு கோலை நெருங்கிவிட்டான். முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான்.

கிளீட்டஸ் விசில் ஊதினார்.

"எதுக்கு ரெஃப்ரி?" ராபின் கத்தினான். "வெயில் அடிக்குதுல்லா!"

"மின்னல். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குள்ள போங்க. தென்னை மரத்து மூட்டுல யாரும் நிக்காதீங்க."

இரண்டு கேப்டன்களும் சேர்ந்து வந்தார்கள். "எட்டு நிமிஷந்தான் சார். எங்க ரெண்டு டீமுக்கும் சம்மதம்."

கிளீட்டஸ் தயங்கினார். கோட்டருகே போய்க் கேட்டார்: "ரெண்டு பேரும் சம்மதிச்சா ஆடவிடலாமா டீச்சர்?"

"முதல் பாதியில ஆஃப்சைடு ஊதினீங்களே அண்ணே. அதுக்கு யாருகிட்ட சம்மதம் கேட்டீங்க?"

கிளீட்டஸ் திரும்பிப் போய் மைதானத்தைக் காலி செய்தார்.

கடைசி இடியிலிருந்து முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். பள்ளியின் காங்கிரீட் கட்டடத்துக்குள் எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள். இருபத்தேழாவது நிமிடத்தில் மறுபடி ஓர் உறுமல். கிளீட்டஸ் கடிகாரத்தை முதலிலிருந்து ஓட விட்டார். கூட்டம் ஊளையிட்டது.

இந்த முறை முப்பது நிமிடம் முழுதாக முடிந்தது. ஆனால் பந்து தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது. மைதானத்தில் விளக்கு கிடையாது. ஆட்டம் கைவிடப்பட்டது என்று கிளீட்டஸ் அறிவித்தார்.

மழை ஒரு சொட்டும் விழவில்லை. இடி எங்கேயும் இறங்கவில்லை.

"ஒரு சந்தேகம் டீச்சர்," என்றார் கிளீட்டஸ். "நான் ஊதாம இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதோ?"

"ஆகாமலும் இருந்திருக்கலாம்."

"அப்போ நான் நிறுத்தினது சரியா தப்பா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

டீச்சர் அவரைப் பள்ளிக்கூட வாசலுக்கு அழைத்துப் போனார்.

"இங்க நில்லுங்க அண்ணே."

ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

"கப்பல்ல கிடந்த ஆளுக்கு இடின்னா பயமா?" என்றான் ஒருவன்.

இன்னொருவன் அவர் காலடியில் துப்பினான்.

ராபின் நேராக வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. "அது என் கோலு சார். எங்க அப்பா பாக்க வந்திருந்தாரு." சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தான்.

கிளீட்டஸ் தலை குனிந்து நின்றார். பக்கத்தில் டீச்சரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கடைசியாக ஒரு கோல்கீப்பர், கையுறையைக் கழற்றியபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அவர்களைக் கடந்து போனான்.

கிளீட்டஸ் நிமிர்ந்தார். "எத்தனை பேரு திட்டினாங்கன்னு எண்ணினீங்களா டீச்சர்?"

"இல்ல அண்ணே. எத்தனை பேரு வீட்டுக்குப் போறாங்கன்னு எண்ணினேன். இருபத்திரண்டு பேரும் போயிட்டாங்க."