விருந்தாளிக் கரடி

ஹங்கேரியில் புரட்சியை அடக்க ருஷ்யப் படை வந்திறங்கிய சமயம். பெஸ்ட் நகரத்து அச்சுக்கூடத்தில் படம் வரைகிற இல்கா, ருஷ்யாவைக் கரடியாக்கி ஒரு கேலிப்படம் போட்டாள். கரடி கட்டிலில் குறட்டை விடுகிறது. வீட்டுக்காரன் வெளியே பனியில் நடுங்குகிறான்.

படைத் தளபதி கோர்லவ் அவளைப் பிடித்துவரச் சொன்னார். "படத்தை மாற்றினால் பயந்துவிட்டோம் என்பார்கள். ஒரு கோடும் மாறக் கூடாது. ஆனால் பார்க்கிறவனுக்குக் கரடி மேல் அன்பு பொங்க வேண்டும். இல்லாவிட்டால் சிறைதான்!"

இல்கா தலை வணங்கினாள். "பிரபுவே, படத்துக்குக் கீழே போட நீங்களே நல்ல வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள்.

தளபதிக்குப் பெருமை தாங்கவில்லை. "எழுது! கரடி இந்த வீட்டின் அன்பான விருந்தாளி."

"விருந்தாளி எப்போது கிளம்புவார் என்று ஜனங்கள் கேட்பார்களே?"

"கேட்க அவர்கள் யார்? கரடிக்கு இஷ்டமானபோது கிளம்பும்!"

அவர் சொன்ன இரண்டையும் படத்துக்குக் கீழே எழுதி, அவர் பெயரையும் சேர்த்து, அவர் கையாலேயே முத்திரை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அந்த வரிகளோடு படம் அச்சாகி வந்ததும் ஊரே வயிறு குலுங்கச் சிரித்தது. ருஷ்யச் சிப்பாய்களும் சேர்ந்து சிரித்தார்கள். கோர்லவ் அவளை மறுபடி வரவழைத்துப் பல்லைக் கடித்தார்.

"ஒரு கோடும் மாற்றவில்லை, பிரபுவே. வார்த்தையும் உங்களுடையதுதான்" என்றாள் இல்கா.

அவளைத் தண்டித்தால் தன் முத்திரைக்கு அவரல்லவா பதில் சொல்ல வேண்டும்? "போய்த் தொலை!" என்று கத்தினார்.

தெருமுனை திரும்பிய பிறகுதான் இல்காவுக்கு மூச்சே வந்தது. அதன் பிறகு அவளும் வாய்விட்டுச் சிரித்தாள்.