பத்து மணிக் காலடிகள்

“புல்தரையில யாரோ நடக்கறாங்க அம்மா,” என்றார் தணிகாசலம்.

குரு நீலாம்பிகை டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். குருவுக்கு நாற்பது வயது. சீடர் தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஆசிரமத்துக்கு வந்த பிறகும், எதிரே வருகிறவர் டிக்கெட் எடுத்தாரா என்றுதான் பார்ப்பார்.

ஊட்டியைத் தாண்டி, காற்று ஓயாத ஒரு மேட்டில் இருந்தது அந்த ஆசிரமம். தியானத்துக்கு உட்கார அந்த ஒரு புல்தரைதான். ஐப்பசி வரை தோட்டக்காரர் பெள்ளி அதைப் பார்த்துவந்தார். பிறகு குரு அதைத் தணிகாசலத்திடம் ஒப்படைத்தார்.

“என்ன அடையாளம்?”

“காலடி. கருகின காலடி. விடியுமுன்ன டார்ச் எடுத்துக்கிட்டு தரை முழுக்க நடந்து பார்க்கறேன். ஒரு ஆள் இருக்காது. பனிதான் வெள்ளையா கிடக்கும். பத்து மணிக்குப் பார்த்தா, பூட்ஸ் பூட்ஸா கருகிக் கிடக்குது.”

“தினமுமா?”

“காத்து அடிக்கிற நாள்ல வர்றதில்ல. காத்து நின்னு உறைபனி விழுந்தா, கட்டாயம் வர்றான். விவரமான ஆளு.”

“யாருன்னு நினைக்கறீங்க?”

“பெள்ளிதான். பொறுப்பு கைமாறின வயித்தெரிச்சல்.”

“அவரைக் கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘வெயில் வர்ற வரைக்கும் யாரும் புல்லுல இறங்கக் கூடாதுங்க ஐயா’ங்கறான். என்னைக் காவலுக்குப் போகாதேங்கறான் அம்மா! எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற கதைதான்.”

குரு ஆறின டீயை அவர் பக்கம் நகர்த்தினார்.

“ஒண்ணு அவன் இங்க இருக்கணும். இல்ல, நான் இருக்கணும்.”

பெள்ளிக்கு வேறு வீடு கிடையாது. இருபது வருஷமாக ஆசிரமம்தான்.

“நாளைக்குச் சொல்றேன்,” என்றார் குரு. “காலையில காவலுக்குப் போக வேண்டாம். நான் கூப்பிட்டதும் வாங்க.”

அன்று முழுக்கத் தணிகாசலத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெள்ளியின் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆசிரமத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ரப்பர் பூட்ஸ். அதுவே சந்தேகமாக இருந்தது. குளிர்காலத்தில் புல்லை ஒட்ட வெட்டாதீர்கள் என்று பெள்ளி சொன்னது, ஒளிந்துகொள்ளத்தானோ என்று தோன்றியது. இரண்டு அங்குலப் புல்லில் யார் ஒளிய முடியும்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கடைசியில் குரு ‘நாளைக்கு’ என்றதுகூட இடித்தது.

மறுநாள் காற்று இல்லை. மேடு முழுக்க வெள்ளை.

விடிந்ததும் குரு தன் குடிலின் படியில் நின்று கூப்பிட்டார். எதிர்ப்பக்க அறையிலிருந்து தணிகாசலம் புல்தரையின் குறுக்கே விறுவிறுவென்று வந்தார்.

அந்தப் பக்கம் கேட்டருகில் பெள்ளி பையோடு நின்றிருந்தார். யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே துணிகளை எடுத்து வைத்துவிட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது.

“முடிவு சொல்லுங்க அம்மா.”

“டீ குடிங்க.”

குடித்தார்.

“இப்போ சொல்லுங்க.”

“இன்னொண்ணு குடிங்க.”

இவரும் அவனுக்கு உடந்தையா என்று நினைத்துக்கொண்டே குடித்தார். வெயில் ஏறியது. பனி உருகிப் பச்சை தெரிந்தது. மணி பத்தாவதற்குள் பச்சையில் ஒரு கருப்பு. பக்கத்தில் இன்னொன்று.

தணிகாசலம் துள்ளி எழுந்தார்.

“பாருங்க! நம்ம கண்ணு முன்னாடியே நடந்திருக்கான்!”

“எங்கேயிருந்து வந்திருக்கான்?”

அவர் விரலை நீட்டிக் காலடிகளைத் தொடர்ந்தார். அவருடைய அறை வாசலில் தொடங்கின. தரையின் குறுக்கே நேராக வந்தன. குருவின் படிக்கு அருகே, தணிகாசலம் போட்டிருந்த பூட்ஸுக்கு முன்னால் நின்றன.

விரல் தானாக இறங்கியது.

பெள்ளி நிற்கும் கேட்டுக்குப் போக வேண்டும். நடுவில் புல். அவருக்குக் கால் எழவில்லை.

பெள்ளி பையைக் கீழே வைத்தார்.

“வெயில் வந்துடுச்சுங்க ஐயா,” என்றார். “பனி உறைஞ்ச புல்லை மிதிச்சாத்தான் கருகும். இனி மிதிக்கலாம்.”