கடலைக் கடையில் காவல் யானை

முள்ளிக்காட்டில் பெருச்சாளிக்கு ஒரு விதைக்கடை, ஆமைக்கு ஒரு விதைக்கடை. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்காமல் முதுகோடு முதுகாகக் கடை கட்டியிருந்தார்கள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சடைச்சி என்ற முள்ளம்பன்றி வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டாள். இந்த மழைக்குக் கடலை ஊன்றாவிட்டால் நாலு குட்டிகளும் பட்டினி! பெருச்சாளிக் கடைக்கு ஓடினாள்.

"பத்துக் கூடை விதைக்கடலை கொடுங்க அண்ணே! அறுவடையானதும் தந்திடறேன்."

"தாராளமா எடுத்துக்கோ! வட்டியோட பதினைஞ்சு கூடையாக் கொண்டு வா. பிந்தினால் வட்டி ஏறும்!"

"அப்புறம் என் பிள்ளைங்க கடலைத் தோலைத் தின்னவா?" என்று சடைச்சி ஆமைக் கடைக்குப் போனாள்.

"வட்டியை என் ஓட்டுக்குள்ளேயே விடமாட்டேன் தாயி!" என்றது ஆமை. "கடலையை நானே வாங்கி, லாபம் வைத்து உனக்கு விற்பேன். பிந்தினாலும் விலை ஏறாது."

"நல்லாயிருக்கே! பத்துக் கூடைக்கு என்ன விலை?"

"அறுவடையில் பதினைஞ்சு கூடை."

சடைச்சிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. "அவர் வட்டிங்கறார், நீங்க லாபங்கறீங்க. அந்த அஞ்சு மட்டும் அச்சடிச்ச மாதிரி எப்படி வருது?"

ஆமை கழுத்தைப் பாதி உள்ளே இழுத்துக்கொண்டது. "எனக்கு ஒரு கூடைதான் தாயி. மிச்சம் நாலும் காவல் யானைக்கு. இல்லாட்டி அந்தப் பெருச்சாளி வளை தோண்டி வந்திடுவானே!"

வாசலில் யானை கொட்டாவி விட்டது. இரண்டு கொக்குகள் அதன் வாய்க்குள்ளே போய், அடுத்த கொட்டாவியில் வெளியே வந்தன.

பெருச்சாளியிடம் திரும்பி ஓடிக் கேட்டாள். அதுவும் அதையே சொன்னது. "எல்லாம் யானைச் செலவு! அந்த ஆமை தூங்குற மாதிரி நடிப்பான், நம்பாதே!"

சடைச்சி அண்ணாந்து பார்த்தாள். இங்கே வந்து நின்றதும் அதே யானை!

"மாமா, ரெண்டு கடைக்கும் நீங்கதானா?"

"மெதுவாப் பேசு!" என்று யானை குனிந்தது. "ஒரு சுற்று நடந்தால் ரெண்டு சம்பளம். உனக்கு ஒரு கூடை தரேன், வாயைத் திறக்காதே!"

"ஒரு கூடையை ஊன்றி நாலு குட்டியை வளர்க்கவா?" காடே கேட்கும்படி கத்தினாள் சடைச்சி. "ஒரே யானைக்கு ரெண்டு பேரும் தீனி போடறீங்களே, வெட்கமாயில்லை?"

இரண்டு கடைக்காரர்களும் கடை மூலைக்கு ஓடி வந்து முட்டிக்கொண்டார்கள். நிமிர்ந்து பார்த்தபோது யானை மலையைத் தாண்டியிருந்தது!

"என் உதிர்ந்த முள்ளால வேலி கட்டிக்கோங்க. அது தீனி கேட்காது," என்றாள் சடைச்சி.

"அப்படியானால் பதினொரு கூடை போதும்!" என்று ஆமை முந்திக்கொண்டது. ஆமை அவசரப்பட்டதைக் காடு அன்றுதான் பார்த்தது. முதல் துளி விழுமுன் சடைச்சி கடலையை ஊன்றிவிட்டாள். பெருச்சாளி கடையில் ஈ மட்டும் மிஞ்சியது. மறுநாளே அதன் வட்டியும் ஒரு கூடைக்கு இறங்கியது.

வட்டி என்றாலும் லாபம் என்றாலும் கடைக்காரனின் வீண்செலவு வாங்குபவன் தலையில்தான் விழும். ஆகவே பெயரைக் கேட்டு மயங்காமல், கூடுதலாகக் கொடுப்பது எங்கே போகிறது என்று கேட்க வேண்டும்.