காப்பு மறுக்கப்பட்ட எட்டியப்பர்

வடசென்னை அங்காளம்மன் கோயில் ஒன்றின் பின்புறம், அபிஷேகப் பாலும் தயிரும் தேங்கி நாறும் வாய்க்காலை நாள்தோறும் கையால் அள்ளிச் சுத்தம் செய்தவர் எட்டியப்பர். பிழைப்பும் அதே வேலைதான். மழைநீர்க் கால்வாயில் இறங்கிச் சேறு எடுப்பார். இடுப்பு வலிக்கென்று தொடங்கிய போதை ஊசி அவரைப் பல வருடம் தின்றது. மனைவி விட்டுப் போனார். கை நரம்பெல்லாம் கெட்டது. அப்போதும் தாயின் வாய்க்கால் அடைத்துக் கிடந்ததில்லை.

பிறகு அரசு மருத்துவமனையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நாக்கின் அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. கரையும் வரை மனத்துக்குள் "அங்காளம்மா" என்றே சொல்லிக்கொண்டிருப்பார். ஊசியின் ஏக்கம் அடங்கியது. கூடவே மருந்து எடுத்த நண்பர் தேசிங்கும் தேறினார்.

ஆடித் தீமிதிக்குக் காப்புக் கட்டும் நாளில் இருவரும் கை நீட்டினார்கள். கோயில் தலைவர் குப்புராசு கயிற்றைப் பின்னுக்கு இழுத்தார்.

"ஊசிய உட்டுட்டு மாத்திரயப் புடிச்சிக்கினீங்க. அதுவும் போததானடா? அத்த நிறுத்துறேன்னு சொல்லு, கட்றேன்."

"விரதத்துக்கு சைடு டிஷ்ஷா அண்ணாத்த?" என்றான் ஒருவன். கூட்டம் சிரித்தது.

"அது மருந்துண்ணா. நிறுத்துனா ஒடம்பு திரும்ப ஊசி கேக்கும். அப்போ பழய அளவு ஏத்துனா மூச்சே நின்னுடும்னு நர்சம்மா சொல்லிக்கிறாங்க" என்று எட்டியப்பர் கையை இறக்கிக்கொண்டார்.

தேசிங்கு இறக்கவில்லை. "அம்மா பாத்துக்குவாடா" என்று மாத்திரையை விடுவதாகச் சொல்லிக் கட்டிக்கொண்டார்.

வாரம் முடிவதற்குள் அவரை மீன் லாரிகளுக்குப் பின்னால் கண்டெடுத்தார்கள். உதடு நீலம். கையில் ஊசி குத்தியபடியே நின்றது. அதே கையில் மஞ்சள் காப்பு. எட்டியப்பர் அந்தக் கயிற்றையே வெறித்துக்கொண்டு நின்றார். தாயின் பேரால் கட்டிய கயிறு, உயிரை விடச் சொல்லுமா?

தீமிதி நாளன்று மருத்துவமனை விடுமுறை. தினமும் அங்கே போய் எடுக்கும் மாத்திரையை முந்தின நாளே கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதை நாக்கடியில் வைத்துக்கொண்டு அவர் கூட்டத்துக்கு வெளியே நின்றார். அருள் வந்து கரகத்தோடு தீக்குழிக்குப் போன பூசாரி, திடீரென்று திரும்பி அவரை நோக்கி ஓடிவந்தார்.

"வாயில இன்னாடா?"

பேசினால் மருந்து கெடும். எட்டியப்பர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

"போத மாத்திர தாயீ! துப்பச் சொல்லு!" என்று கத்தினார் குப்புராசு.

பூசாரி குப்புராசுவைப் பிடித்துத் தள்ளினார். "ஒருத்தன எங்கிட்ட அனுப்பிட்ட. நான் கேட்டனா? இவனயும் அனுப்பப் பாக்குறியா? நீ துப்பாதடா எம் புள்ள!"

பம்பைக்காரர்கள் அடிக்க மறந்தார்கள். குப்புராசுவுக்கு முகம் செத்துவிட்டது. பூசாரி தம் கைக் காப்பை அவிழ்த்து எட்டியப்பருக்குக் கட்டினார்.

எட்டியப்பர் அசையவில்லை. மாத்திரை முழுதும் கரைந்த பிறகுதான் தரையில் உட்கார்ந்து கதறினார்.

"இத்த அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? தேசிங்கு இருந்திருப்பானே!"

தாயை நிறுத்தி அப்படிக் கேட்க, பெற்ற பிள்ளைக்குத்தான் வாய் வரும். அந்தப் பிள்ளையை நாமும் கும்பிடுவோம்.