உள்பக்கத் தாழ்ப்பாள்

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு இல்லம் இருந்தது. வீட்டில் இருக்க முடியாமல் போன பெண்பிள்ளைகள் அங்கே தங்கி, உடம்பும் மனசும் தேறி வருவார்கள். தேறாமல் போனவர்களும் உண்டு. அதை நடத்தி வந்தவள் பூரணி என்ற மனநல ஆலோசகர். அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் ராஜகனி டீச்சர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பள்ளிக்கூடம் அடங்கிவிடும் என்பார்கள். சும்மா வீட்டில் கிடக்கப் பிடிக்காமல், மகள் வயதுள்ள ஒருத்தியிடம் மாணவியாகச் சேர்ந்தார். அதற்குப் பெரிய மனசு வேண்டும். அவருக்கு இருந்தது. தப்பு நடந்ததும் அந்த மனசால்தான்.

இல்லத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி அறை, அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். ஓங்கித் தள்ளினால் பெயர்ந்துவிடுகிற சின்னத் தாழ்ப்பாள்தான். அது பிள்ளைகளுக்கும் தெரியும். வெளியே நிற்பவர் கதவைத் தட்டிப் பெயரைச் சொல்ல வேண்டும். உள்ளிருந்து பதில் வருகிறவரை நிற்க வேண்டும். பதிலே வராவிட்டால் பூரணியைக் கூப்பிட வேண்டும். விசாரணைக்கு வருகிற அதிகாரியானாலும் இதே சட்டம்தான்.

அங்கே இசக்கி என்று ஒரு பெண். பதினைந்து வயது. மாமா வீட்டில் வளர்ந்தவள். அந்த வீட்டில் ராத்திரிகளில் அவளுக்கு நடந்ததை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. வந்ததிலிருந்து பேசாமலே இருந்தவள், ஒருநாள் துணி மடித்துக்கொண்டே ராஜகனியிடம், "இருந்து என்ன செய்யப் போறேன் டீச்சர்" என்றாள்.

ராஜகனி கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். நேரே பூரணியிடம் போனார்.

"அந்தப் பிள்ளை ரூம் தாழ்ப்பாளைக் கழட்டிரணும் மேடம்."

"வேண்டாம் டீச்சர்."

"உள்ள போட்டுக்கிட்டு ஏதாவது செஞ்சுக்கிட்டான்னா?"

"டாக்டர்ட்ட பேசிட்டேன். இன்னையிலருந்து அவ வாசல்ல எந்நேரமும் ஒரு ஆள் உக்காந்திருக்கணும். கூப்பிட்டுக் குரல் கேட்டுக்கிட்டே இருக்கணும். தாழ்ப்பாள் இருக்கட்டும்."

மறுநாள் ஒரு வழக்கு விஷயமாகப் பூரணி மதுரைக்குப் போனாள். ராஜகனிக்குச் சோறு இறங்கவில்லை. இசக்கி தையல் வகுப்பில் இருந்த நேரம் பார்த்துத் தச்சரை வரவழைத்தார். தாழ்ப்பாளைக் கழற்றி, ஆணித் துளைகளை அடைத்து, மேலே பெயிண்டும் அடிக்கச் சொன்னார். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவர்.

இசக்கி வந்தாள். கதவைச் சாத்தினாள். பார்க்காமலே கை தாழ்ப்பாளைத் தேடியது. ஈரப் பெயிண்ட் விரலில் ஒட்டியது. அழவும் இல்லை, கேட்கவும் இல்லை. போர்வையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அவளுக்கென்று மிச்சமிருந்த தாழ்ப்பாள் அங்கேதான் இருந்தது. ஈரத் தரையிலேயே படுத்துக்கொண்டாள். ராஜகனி வெளியே உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் "இருக்கேன்" என்று மட்டும் சத்தம் வந்தது. சாப்பாட்டுத் தட்டு வாசலிலேயே காய்ந்தது.

மறுநாள் மத்தியானம் பூரணி வந்தபோது ராஜகனி அதே இடத்தில் இருந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அவ உயிரோட இருக்கணும்னுதானே செஞ்சேன் மேடம். என்ன தப்புச் செஞ்சேன், சொல்லுங்க."

பூரணி உள்ளே போய்த் திருப்புளியும், கழற்றிய தாழ்ப்பாளும், நாலு திருகாணியும் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"தட்டுங்க டீச்சர்."

ராஜகனி தட்டினார். பதில் இல்லை. பதறிப்போய்க் கதவைத் தள்ளக் கை நீட்டினார். பூரணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரைச் சொல்லுங்க."

"இசக்கி, நான் ராஜகனி டீச்சர்."

உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"நாந்தான் கழட்டினேன்மா. உங்கிட்டக் கேக்காமக் கழட்டிட்டேன். மாட்டித் தாரதுக்கு வந்திருக்கேன்."

"இருக்கேன்" என்றது குரல். கதவு திறக்கவில்லை.

நின்றார்கள். ஆயுசில் எந்தக் கதவுக்கு முன்னாலும் ராஜகனி அவ்வளவு நேரம் நின்றதில்லை. கால் கடுத்தது. அவமானமாகவும் இருந்தது. பூரணி சுவரில் சாய்ந்து, அவசரமே இல்லாதவள் மாதிரி நின்றாள். கடைசியில் உள்ளே தாழ்ப்பாள் விலகியது.

இசக்கி வெளியே வந்தாள். கன்னத்தில் தரையின் வரி பதிந்திருந்தது. யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் அறைக்கு மூவரும் போனார்கள். ராஜகனி முட்டி போட்டு உட்கார்ந்து திருகினார். பழக்கமில்லாத கை. திருப்புளி வழுக்கி வழுக்கி விழுந்தது. மூன்று ஆணி ஏறியதும் இசக்கி கையை நீட்டித் திருப்புளியை வாங்கிக்கொண்டாள். நாலாவதை அவளே முறுக்கினாள்.

பிறகு அவர்கள் வெளியே போவதற்காகக் காத்திருந்தாள். போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

இருவரும் வாசலில் தரையில் உட்கார்ந்தார்கள்.

"என்ன செய்வா இப்போ?" என்றார் ராஜகனி.

"தூங்குவான்னு நினைக்கேன்."

"தூங்கலேன்னா?"

"அதுக்குத்தான் நாம இங்க இருக்கோம்."

"அவ ஒரு நிமிஷம் பதில் சொல்லலேன்னா எனக்கு உசிரு போயிரும் மேடம்."

"எனக்கும்தான்."

ராஜகனிக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பயமும் தூக்கமின்மையும் சேர்ந்து வந்த கோபம்.

"நீங்க நிதானமாப் பேசுதீங்க. உங்க பொறுப்புல இருந்த பிள்ளை ஒண்ணைப் பறிகொடுத்திருந்தா இந்தத் தாழ்ப்பாளை விட்டு வச்சிருக்க மாட்டீங்க."

பூரணி அவரைப் பார்த்தாள். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "இசக்கி" என்றாள்.

"இருக்கேன்." குரலில் தூக்கம் இருந்தது.

பூரணி ராஜகனியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மெர்சின்னு ஒரு பிள்ளை," என்றாள் பூரணி. "நான் இங்க வந்த புதுசுல. பதினாலு வயசு. அவளை நாங்க காப்பாத்தல."

ராஜகனியின் குரல் இறங்கிவிட்டது. "தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டாளா?"

"அப்போ இங்க எந்த ரூமுக்கும் தாழ்ப்பாள் கிடையாது டீச்சர்."