பகைவனின் துண்டைச் சுமப்பவள்

அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் பேசிக்கொண்டிருந்தன. ஒரு குளத்தின் அடிச்சேற்றில் மெழுகி, நுரைச்சி என்று இரண்டு பாக்டீரியாக்கள் இருந்தார்கள். ஒரே உடம்பு இரண்டாகப் பிரிந்து உண்டான அக்காளும் தங்கையும்.

வைரஸ்களும் அங்கேதான் திரிந்தன. வைரசுக்குத் தனியாகப் பிள்ளை பெறத் தெரியாது. ஒரு பாக்டீரியாவைத் துளைத்து உள்ளே போய்க் கரைந்தால்தான் பிள்ளைகள் பிறக்கும். அவை வெளியே வரும்போது அந்த உடம்பு வெடித்துவிடும். மெழுகியின் உறவெல்லாம் அப்படித்தான் போனது.

ஒருநாள் வெயிலில் நொந்துபோன வைரஸ் ஒன்று மெழுகிக்குள் நுழைந்து பாதியிலேயே செத்தது. மெழுகி அதில் ஒரு துண்டை நறுக்கித் பிள்ளைகளுக்கு வழிவழியாகப் போகும் தன் உயிரிழையோடு சேர்த்துத் தைத்தாள்.

"என்ன செய்கிறாய் அக்கா? தூக்கி எறி அதை" என்றாள் நுரைச்சி.

"எறிந்தால் என் பெண்களுக்கு இவர்களை எப்படி அடையாளம் தெரியும்? உனக்கும் ஒரு துண்டு தருகிறேன்."

"நம்மவர்களைக் கொன்றதை உடம்புக்குள் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது."

மெழுகியின் பெண்கள் அந்தத் துண்டோடு பிறந்தார்கள். நுழைந்த வைரசையெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் பார்த்து வெட்டிப்போட்டார்கள். கடைசியில் ஊசிக்காலன் என்ற ஒரே வைரஸ் மிஞ்சினான். அவன் மெழுகியிடம் வந்து நின்றான்.

"என் குலத்தில் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். பிள்ளை பிறக்க எனக்கு வேறு இடமில்லை."

"எங்களுக்கும் வேறு உடம்பில்லை" என்றாள் மெழுகி.

அவன் நுரைச்சியிடம் போனான். நடுப்பகலுக்குள் அவள் வெடித்தாள். பிறந்த நூறு பேரில் ஒருவன் மட்டும் உரு கோணிப் பிறந்திருந்தான். அவன் மெழுகியின் கடைசிப் பெண்ணுக்குள் நுழைந்தான். அவள் துண்டை எடுத்து ஒப்பிட்டாள். பொருந்தவில்லை.

"இவன் வேறு யாரோ, அம்மா" என்று விட்டுவிட்டாள்.

மெழுகி வந்து சேர்வதற்குள் பெண் இல்லை. அவள் இருந்த இடத்தில் கோணல் உருக்கள் மிதந்தன. அவற்றில் உயிர் போய்க்கொண்டிருந்த ஒன்றைப் பிடித்து, மெழுகி மறுபடியும் நறுக்கினாள்.

"இதோடு முடிந்துவிடுமா அம்மா?" என்று மூத்தவள் கேட்டாள்.

"முடியாது. நாளைக்கு வேறு உருவில் வருவான்."

"பிறகு எதற்குத் தைக்கிறாய்?"

மெழுகி புதுத் துண்டைப் பழைய துண்டின் பக்கத்தில் வைத்தாள். தைத்துக்கொண்டே இருந்தாள்.

பாக்டீரியாக்கள் தங்களைக் கொல்ல வந்தவர்களின் துண்டுகளை வரிசை வரிசையாக உடம்பில் சுமப்பதும், வைரஸ்கள் பிறவிக்குப் பிறவி உருமாறி வருவதும் அன்று முதல்தான். இரண்டு குலத்துக்கும் இன்றுவரை ஓய்வில்லை.