வானேட்டில் பாதி வரி

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் செங்கமலத்துக்கு எப்போதும் உண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; மடத்தில் சமையல் வேலை. அன்று பயத்துக்குக் காரணமும் இருந்தது.

பொழுது சாயும் நேரம். மடத்து மாடியில் காய்ந்த வடகத்தை முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய எரிநட்சத்திரம் பச்சை வெளிச்சத்தோடு வானத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

வானத்தில் புதிதாக எது தெரிந்தாலும், கண்டவர் யாரிடமும் வாய் திறக்குமுன் வானேடு என்னும் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். அது அந்த மடத்து வழக்கம். செங்கமலமோ எழுதுமுன்பே வாசலுக்கு ஓடி, அங்கே நின்றவர்களிடம் பேசிவிட்டாள்.

பேச்சு வளர்ந்தது. ஏரிக்கரையில் வாத்து மேய்க்க வந்திருந்த மாசிலாமணியின் கொட்டகைப் பக்கம்தான் விழுந்தது என்றார்கள். எரிநட்சத்திரம் எவன் பக்கம் விழுகிறதோ அவன் ஊருக்கு ஆகாதவனாம். ஏட்டிலும் அப்படியே இருந்தால், இன்றே குடும்பத்தோடு கிளப்பிவிடுவதாகச் சொல்லி ஊர்த்தலைவர் ஆட்களோடு கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மடத்துக் குரு அறவாழி அவளைவிடப் பத்து வயது இளையவர்.

"சாமி, கண்டதும் கேட்டதும் கலந்துபோச்சு. நீங்களே எழுதிடுங்க."

"நான் உள்ளே இருந்தேனே அம்மா."

அவளை மாடிக்கு அழைத்துப் போய் முறத்தைக் கையில் கொடுத்தார். மறுபடி அள்ளச் சொன்னார். குனிந்து அள்ளினாள். நிமிர்ந்ததும் கை தானாக உயர்ந்தது. முருங்கை உச்சியில் தொடங்கி, களஞ்சியக் கூரையில் வந்து நின்றது.

"கூரைக்கு அந்தப் பக்கம்?"

வெகுநேரம் பார்த்தாள். கூரை மறைத்ததில் ஏரியே தெரியவில்லை.

"தெரியாது சாமி."

"அதை எழுத வருமா?"

கீழே வந்து எழுத்துக்கூட்டி எழுதினாள். அவள் எழுதி முடிப்பதற்குள் அடுத்த எரிநட்சத்திரமே வந்துவிடும் என்று ஒருவன் சொல்ல, சிரித்தார்கள். அவள் நிமிரவில்லை. முடித்ததும் உரக்கப் படித்தாள்.

"முருங்கைக்கு மேலே தொடங்கிக் களஞ்சியக் கூரைக்குப் பின்னால் மறைந்தது. பச்சை நிறம். விழுந்ததை நான் பார்க்கவில்லை."

தலைவர் எட்டிப் பார்த்தார். "பாதி வரி காலியாத்தானே கிடக்கு. கொட்டகைப் பக்கம்னு சேர்த்துடு தாயி. உனக்கென்ன குறைஞ்சுடும்?"

செங்கமலம் பேனாவை அழுத்திப் பிடித்து, அந்தக் காலி இடத்தில் ஓரம்வரை கோடு இழுத்தாள். கோட்டை ஒட்டித் தன் பெயரை எழுதினாள்.

தலைவர் குருவைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க."

"பார்த்தவர் முடித்துவிட்டார்" என்றார் குரு.

கூட்டம் ஏரிப் பக்கம் திரும்பாமல் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. மை காயும்வரை செங்கமலம் ஏட்டைவிட்டு நகரவில்லை.